டாட்டர்ஷால் கோபுரக் கோட்டை: தமிழ் நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இருக்கும் டாட்டர்ஷால் கோபுரத்தைப் பற்றி, தளவரைபடங்களோடு தமிழில் ஒரு சிறு நூல் கொண்டுவரவிருக்கிறோம். எழுத்து வேலை முடிந்துவிட்டது. ஓவியருக்கும் அச்சகத்துக்கும் கொடுக்கத்தான் கையில் பணமில்லை.

கட்டியவர் ரால்ஃப் கிராம்வெல். 1433 முதல் 1443 வரை மன்னர் ஆறாம் ஹென்றியின் அரசுப் பொருளாளர். கல்லில் கட்ட வசதி இருந்தும் செங்கல்லைப் பிடித்துக்கொண்டார். செங்கல் அறுத்துக் கொடுத்த பால்டுவினின் பெயர் கட்டடக் கணக்குகளிலேயே இருக்கிறது. உயரம் சுமார் 130 அடி. மாடிக்கு ஒரு பெரிய கூடம், மூலைக்கு ஒரு எண்கோணச் சிறுகோபுரம், சுற்றிலும் அகழி. உச்சியில், வருகிற எதிரியின் தலையில் கல்லைப் போடத் துவாரங்கள்கூட உண்டு. ஆனால் ஜன்னல்களின் அகலத்தைப் பார்த்தால் சண்டைக்குக் கட்டியது மாதிரி தெரியாது. பெருமைக்குக் கட்டிய வீடு என்பதே எங்கள் கட்சி. சுருள் படிக்கட்டில் கைப்பிடியைச் சுவருக்குள்ளேயே கல்லில் குடைந்திருக்கிறார்கள். கணப்புகளின், அதாவது குளிர்காயும் சுவரடுப்புகளின், மேல் பொருளாளர் பதவிக்கு அடையாளமான பணப்பையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணப்புகளுக்குத் தனிக்கதை உண்டு. 1911 வாக்கில் அவற்றைப் பெயர்த்து, அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப் பார்த்தார்கள். கோட்டையை விலைக்கு வாங்கி, கணப்புகளைத் தேடி மீட்டு, 1912-ல் திரும்பக் கொண்டுவந்தவர் கர்சன் பிரபு. ஆமாம், வங்கத்தைப் பிரித்த அதே கர்சன்தான். வைஸ்ராயாக இருந்தபோது, 1904-ல், இந்தியாவில் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அவர் காலத்தில்தான். பிரிட்டனில் 1913-ல் வந்த தொல்சின்னச் சட்டத்துக்கு டாட்டர்ஷால் விவகாரமும் ஒரு தூண்டுதல். 1925-ல் அவர் மறைந்தபின், அவர் எழுதிவைத்தபடி கோபுரம், பழைய கட்டடங்களைக் காக்கும் பிரிட்டிஷ் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்குப் போனது. பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. நீங்கள் தரும் பணம் இந்த நூலுக்கு மட்டுமே.

மொத்தம் 1,80,000 ரூபாய் தேவை. 500 ரூபாயும் அதற்கு மேலும் தருபவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புவோம்; முடிந்ததைத் தந்தாலும் சந்தோஷம். குழுப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சுவரில் பணப்பை செதுக்குகிற ஆள் இல்லை. வரவு செலவை நூலின் கடைசிப் பக்கத்திலேயே அச்சிடுவோம். பொங்கலுக்குள் பணம் சேர்ந்தால் சித்திரையில் நூல் உங்கள் கையில்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழுவினர்