அது கவிதைத் தொகுப்பு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஸ்டீபன் சோண்ட்ஹைம் தன் நாடகப் பாட்டுகளைக் குறிப்புகளோடு தொகுத்த 'ஃபினிஷிங் த ஹேட்' ('தொப்பியை முடிப்பது') புத்தகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களுக்குப் பாட்டு எழுதிய ஒருவருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளர் அதைக் 'கவிதைத் தொகுப்பு' என்று சொல்லி, நாலைந்து வரிகளைப் பிய்த்துப் போட்டு ஆஹா ஓஹோ என்றிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. பாட்டு வேறு, கவிதை வேறு என்று சோண்ட்ஹைமே முன்னுரையில் அடித்துச் சொல்கிறாரே! கவிதையை நிறுத்தி நிதானமாகத் திரும்பப் படிக்கலாம். மேடையில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், காதில் விழுந்தால் விழுந்ததுதான். இசையும் நடிப்பும் வெளிச்சமும் சேர்ந்து வரும்போது வரியும் அடர்த்தியாக இருந்தால் கேட்பவருக்கு மூச்சு முட்டும், அதனால் தாளில் சப்பென்று இருப்பதே மேடைக்குச் சரியாக இருக்கலாம் என்கிறார்.

என்னைக் கேட்டால், புத்தகத்தில் பாட்டுகளைவிட அவற்றோடு வரும் குறிப்புகள்தான் விருந்து. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசை நாடகத்தில் நாயகி மரியா பாடும் 'ஐ ஃபீல் பிரெட்டி' உலகமே முணுமுணுத்த பாட்டு. எழுதியவருக்கோ அதைக் கேட்டாலே கூச்சம். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து, கல்யாண உடுப்புக் கடையில் வேலை பார்க்கும் பெண் 'அலார்மிங்', 'சார்மிங்' என்று ஒரே வரிக்குள் எதுகை அடுக்கி லண்டன் சீமாட்டி மாதிரி பேசுவாளா? ஒத்திகை பார்த்த இன்னொரு பாடலாசிரியர் ஷெல்டன் ஹார்னிக் இதைச் சுட்டிக்காட்ட, சோண்ட்ஹைம் எளிமையாக மாற்றி எழுதிக் கொண்டுபோயிருக்கிறார். கூட இருந்தவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். இன்றுவரை பழைய வரிதான் ஓடுகிறது. தன் ஹிட் பாட்டையே இப்படிக் கூண்டில் நிறுத்துகிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து, 'செண்ட் இன் த க்ளவுன்ஸ்' என்ற பாட்டு. 1973-ல் கிளினிஸ் ஜான்ஸ் என்ற நடிகைக்காக, ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போது எழுதியது. அவருக்குக் குரல் இனிமை, ஆனால் நீட்டிப் பிடிக்க மூச்சு போதாது. அதனால் வரிகளெல்லாம் குட்டிக் குட்டிக் கேள்விகள். முதல் கேள்வியே 'ரிச்' என்று, இழுக்க முடியாத மெய்யில் போய் நிற்கிறது. நாம் சோகம் என்று உருகும் இடத்தில் பாதி, அந்த அம்மாவின் மூச்சுக் கணக்கு.

குரு ஆஸ்கர் ஹேமர்ஸ்டைனையும் விடவில்லை, தனக்கு அப்பா மாதிரி இருந்தவர் என்றும் பார்க்காமல். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்துக்கு ஹேமர்ஸ்டைன் எழுதிய பாட்டில் ஜெபம் செய்யக் கற்றுக்கொள்ளும் வானம்பாடி ஒன்று வருமே, கற்றுக்கொள்ளும் பறவை எது, கற்று முடித்த பறவை எது என்று எப்படிய்யா கண்டுபிடிப்பது என்று கேட்கிறார். சிரித்துவிட்டேன். ஆனால் செத்துப்போனவர்களை மட்டும்தான் விமர்சிப்பேன் என்று அவர் வைத்துக்கொண்ட விதி இருக்கிறதே, கேட்க நாகரிகமாக இருந்தாலும் திருப்பிக் கொடுக்க எதிரில் ஆள் இல்லை என்பதும் அதில் இருக்கிறது. அப்புறம் அந்த இயைபு வெறி. ஒலி துல்லியமாகப் பொருந்தாவிட்டால் சோம்பேறித்தனம் என்கிறார், எனக்கு ஒப்பவில்லை. கொஞ்சம் பிசகி விழும் சொல்லிலும் பாட்டு நன்றாகவே நிற்கும்.

ஒரு திருத்தமும் உண்டு. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கு சோண்ட்ஹைம் இசை என்று கட்டுரையில் வந்திருக்கிறது. இசை லியோனார்ட் பெர்ன்ஸ்டைன், 1957-ல். 1959-ல் வந்த 'ஜிப்ஸி'க்கு ஜூல் ஸ்டைன். இரண்டிலும் இவர் பாட்டு மட்டும்தான். இசையமைக்கத் துடித்துக்கொண்டிருந்தவரை, பாட்டு மட்டும் எழுதினாலும் பரவாயில்லை, ஒப்புக்கொள் என்று தள்ளியவரும் அதே ஹேமர்ஸ்டைன்தான். இசை, பாட்டு இரண்டையும் சோண்ட்ஹைமே செய்த நாடகம் முதன்முதலில் பிராட்வே ஏறியது 1962-ல்.

2011-ல் வந்த இரண்டாம் தொகுதி பற்றியும் எழுதச் சொல்லுங்கள். முதல் தொகுதிக்குப் பெயர் கொடுத்த தொப்பிப் பாட்டே அதில்தான் இருக்கிறது, ஓவியர் ஜார்ஜ் சூராவை வைத்துச் செய்த நாடகத்தில். இந்த முறை வரிகளோடு அவர் எழுதிய குறிப்பையும் சேர்த்துப் போடுங்கள், இடம் போதாவிட்டால் வரிகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி