விளையாட்டு விமர்சனம் எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பாம்பனிலிருந்து அண்ணன் எழுதுகிறேன். வீடியோ கேம்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அரசியலைத் தொடக்கூடாது, கிராபிக்ஸ், இசை, விலை, எந்தப் போனில் ஓடும் என்பவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் பிரவுசிங் சென்டரில் நாற்காலிக்கு மேல் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்து விளையாடப் பழகிய பிள்ளை இன்று தமிழில் விமர்சனம் எழுதுவதில் எனக்குள்ள பெருமை உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை.

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 2 உனக்கு மறந்திருக்காது. லடாக்கின் கல்வானில் இந்திய, சீனப் படைகள் மோதி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவைப் பயன்படுத்தி பப்ஜி மொபைல் உட்பட சீனத் தொடர்புள்ள 118 செயலிகளைத் தடை செய்தது. வலை பின்னும் கொட்டகையில் தினமும் கூடி விளையாடிய உங்கள் நால்வர் அணி அக்டோபர் இறுதியில் சர்வர் நின்றதோடு கலைந்தது. அப்போது நீ என்னிடம் வந்து, லடாக்கில் நடந்ததற்கும் நம் போனுக்கும் என்ன சம்பந்தம் அண்ணே என்று கேட்டாய். அது அரசியல் கேள்விதான். அதற்குப் பதில் தேடிய பிள்ளை, இப்போது அப்படிப்பட்ட கேள்விகளே விமர்சனத்துக்குள் வரக்கூடாது என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ பற்றிய உன் விமர்சனத்தையே எடுத்துக்கொள்வோம். 2013-இல் லூகாஸ் போப் உருவாக்கிய அந்த விளையாட்டில், கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் ஆவணங்களைச் சரிபார்த்து முத்திரை குத்துவதுதான் நம் வேலை. எத்தனை பேரைப் பார்த்து அனுப்புகிறோமோ அதற்கேற்பக் கூலி. தவறுகள் கூடினால் அதில் பிடித்தம். கூலி குறைந்தால் வீட்டில் சாப்பாடோ மருந்தோ குறையும். ஒரு நாள் ஒருவர் சரியான ஆவணங்களோடு வருகிறார், அடுத்து என் மனைவி வருகிறாள், அவளிடம் கருணை காட்டுங்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே போகிறார். மனைவியிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. நீ இந்த இடத்தை ‘கவனத்தைச் சோதிக்கும் நல்ல கட்டம்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டாய்.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் என் நண்பர் ஒருவர் இதே கட்டத்தை என் கடையில் விளையாடினார். அவருடைய அம்மா 1990-இல் தலைமன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்தவர். அவர்கள் வீட்டு அடையாள அட்டைகள் இன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் மடியாமல் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பெண் சாவடி ஜன்னலில் வந்து நின்றதும் நண்பர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். வெகுநேரம் கழித்துத்தான் அனுமதிக்கும் பச்சை முத்திரையைக் குத்தினார். அந்தத் தயக்கத்தை உண்டாக்குவதற்காகவே அந்த விளையாட்டின் விதிகள் அப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அதை விட்டுவிட்டு அதன் வடிவமைப்பைப் பற்றி எப்படி எழுத முடியும்?

அரசியல் இல்லாததுபோல் தோன்றும் துப்பாக்கி விளையாட்டுகளிலும் இதே நிலைதான். 1991-இல் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியப் படையை அமெரிக்கத் தலைமையிலான விமானங்கள் குண்டுவீசி அழித்த சாலைக்கு ‘மரண நெடுஞ்சாலை’ என்ற பெயர் நிலைத்தது. 2019-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’ அதே பெயரில் ஒரு சாலையைக் கற்பனை நாட்டில் வைத்து, குண்டு போட்டவர்கள் ரஷ்யர்கள் என்று சொன்னது. அந்தக் கட்டத்தின் ஒளியமைப்பை மட்டும் புகழ்ந்துவிட்டு நகரும் விமர்சகர், தன்னை அறியாமலேயே அந்தக் கதைக்குத் துணைபோகிறார்.

தங்கள் கட்சிக்குப் பிடிக்காத விளையாட்டு என்பதற்காகவே மதிப்பெண்ணைக் குறைப்பவர்கள் மீது உனக்குள்ள கோபம் நியாயமானது. எனக்கும் அது உண்டு. மூன்று ஜிபி ரேம் போனில் ஓடுமா என்பதை நீ மெனக்கெட்டுச் சோதித்து எழுதுவதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகவும் தேவை. அதை ஒருபோதும் விடாதே.

அந்த விமர்சனத்தை மட்டும் திருத்தி எழுது தம்பி; அந்தக் கணவன் மனைவிக்கு ஒரு பத்தியாவது கொடு. முகாம் நண்பரிடம் உன் எழுத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது இருக்கிற வடிவில் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
அண்ணன்