ஊத்துக்கால்வாய்க்கு ஜேசிபி வேணாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வெயில் காலம் வந்தா பாலாத்தங்கரை ஊருங்கள்ல ஏரி தூர்வாருறோம், கால்வா தூர்வாருறோம்னு ஜேசிபி எறங்குது, பேப்பர்லயும் போட்டோ வருது. ஏரிக்கு அது வேணும், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஊத்துக்கால்வாய்க்கும் அதே வேலைய செஞ்சா அது செத்துடும்ங்க.

ஆத்து மணலுக்கு அடியில ஓடுற தண்ணி தானா கசிஞ்சு கால்வாயில விழுந்து வயலுக்கு வர்றதுதான் ஊத்துக்கால்வா, மோட்டாரும் வேணாம் கரண்ட்டும் வேணாம். ஊத்துக்கண்ணுகிட்ட குனிஞ்சு பாத்தா மணலு உலைத்தண்ணி மாதிரி கொதிச்சுக்கிட்டே இருக்கும், கத்திரி வெயில்லயும் கால வச்சா சில்லுனு இருக்கும். அந்த மணலுக்குள்ள அயிரை பொதைஞ்சு கெடக்கும், புங்கமரத்து வேர் இடுக்குல கெளுத்தி, கோரைக்குள்ள விரால் குஞ்சுங்க செவசெவன்னு கூட்டமா மேல வந்து மூச்சு வாங்கிட்டு உள்ள போகும், தாய் மீன் கீழயே காவல் நிக்கும்.

மணல அள்ளி அள்ளி ஆத்துப்படுகையே கீழ போயிடுச்சு, கால்வா வாயி மேல தொங்குது. தோல் பதனிடுற ஆலைக் கழிவு ஆத்துல கலந்த கதை எல்லாருக்கும் தெரியும், 1996ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லுச்சு. இவ்ளோக்கு அப்பறமும் 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பின்னாடி எங்க பக்கம் ஊத்து திரும்ப கசிஞ்சுது, அவ்ளோ சந்தோஷம் எங்களுக்கு. அடுத்து மிஷின் வந்து ரெண்டு கரையையும் செதுக்கி, புங்கமரத்த வேரோட புடுங்கி, கால்வாய மூணு மடங்கு அகலமாக்கிட்டுப் போயிடுச்சு. இப்ப தண்ணி கணுக்கால் அளவுக்கு பரந்து நிக்குது, வெயில்ல சூடாவுது, அடியில சேறு படிஞ்சு ஊத்துக்கண்ணு அடைஞ்சு போச்சு.

வெளிநாட்டுல டிரவுட் மீனுக்காக ஊத்து ஓடைய சரி பண்றவங்க இதுக்கு நேர் தலைகீழா செய்றாங்க. டிரவுட் குளிர்ந்த தண்ணி மீனு, 20 டிகிரிக்கு மேல போனாலே திணறும், நம்ம வேலூர் வெயிலுக்கு வராது, ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில 1907லயே அதுக்கு குஞ்சு பொரிக்கிற பண்ணை வச்சிருக்காங்க. அது கூழாங்கல்லுக்கு நடுவுல முட்டை போடும், கல்லுக்குள்ள தண்ணி ஓடுனாதான் முட்டைக்கு ஆக்சிஜன் கெடைக்கும், சேறு மூடுனா முட்டை செத்துடும். அமெரிக்கால விஸ்கான்சின் பக்கமெல்லாம் மாடு மிதிச்சு கரை சரிஞ்சு அகலமாப் போன ஓடைங்கள திரும்ப குறுக்குறாங்க. ஓடை குறுகுனா தண்ணி வேகமா ஓடி சேறை தானே அடிச்சுக்கிட்டுப் போவுது, ஆழம் கெடைக்குது. மாடு எறங்காம வேலி போடுறாங்க, மரக்கட்டைய உள்ள போட்டு மீனுக்கு மறைவு பண்றாங்க.

மீனு வேற, வேலை ஒண்ணுதான். வேலூர் பக்கம் நாகநதியில நூறு நாள் வேலைப் பெண்கள், தண்ணிய நெலத்துக்குள்ள எறக்குற ரீசார்ஜ் கிணறு கட்டி நெலத்தடித் தண்ணிய மீட்டிருக்காங்க, மம்பட்டி புடிக்கிற அந்தக் கைங்களுக்கே இதையும் குடுங்க. வேலிகாத்தான, அதான் சீமைக்கருவேலத்த மட்டும் வெட்டட்டும், புங்கையையும் கோரையையும் விடட்டும், கரைய மண்ணும் வெட்டிவேரும் வச்சு உள்பக்கமா கட்டட்டும், மாடு தண்ணி குடிக்க ஒரே ஒரு எடம் விட்டா போதும். சிமெண்ட் தளம் மட்டும் எந்தக் காரணத்துக்கும் போடாதீங்க, ஊத்து கீழ இருந்துதான் வரணும்.

இந்த வருஷம் எஸ்டிமேட் போடுறதுக்கு முன்னாடி நீர்வளத்துறை ஆளுங்க ஊர்ப் பெரியவங்களோட ஒருதடவ கால்வா நெடுக நடந்து, ஊத்துக்கண்ணு எங்கெங்க இருக்குன்னு கல்லு நட்டு குறிச்சுக்கணும். காட்டிக்குடுக்கத் தெரிஞ்சவங்க இன்னும் ஊர்ல இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு பாலாத்தங்கரை விவசாயி,
ஆற்காடு பக்கம்