மகனுக்கு, மட்டக்களப்பு கல்லடியிலிருந்து

அன்புள்ள மகன்,

மழை ஓய்ந்துவிட்டது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல்திட்டை வெட்டிவிட்டதால் வாவித் தண்ணீரும் இறங்கிவிட்டது. நாங்கள் சுகம். பேரனைக் காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு அனுப்பாதே. இரண்டு இடியப்பமாவது சாப்பிடட்டும்.

பள்ளியில் இந்தத் தவணை முழுவதும் முகத்துவாரம்தான் பாடம். பாலமீன்மடுப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினோம். ஏன் வெட்ட வேண்டும், கடல் உள்ளே வராதா, இறால் எங்கே போகும் என்று கேள்வி மேல் கேள்வி. வாவியில் வலை வீசும் ஒரு பிள்ளையின் தகப்பன் வந்து உட்கார்ந்து விளக்கினார். கடலிலிருந்து இறால் குஞ்சு அந்த வாய் வழியாகத்தான் வாவிக்குள் ஏறுமாம். பெரிய பிள்ளைகள் கரையில் கம்பு நட்டுத் தினமும் நீர்மட்டத்தைக் குறிக்கிறார்கள். சின்னவர்களுக்கு அளவுகோல் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் அவர்கள்தான். யார் கம்பைப் பிடிப்பது என்று சண்டை வந்தது. வட்டமாக உட்கார்ந்து தாங்களே பேசித் தீர்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கூத்துப் பழக்க அண்ணாவியார் வருகிறார். வாய்ப்பாடு சொல்லத் திணறும் ஒரு சிறுமி வடமோடிக் கூத்தின் தாளக்கட்டில் ஓரிடமும் பிசகுவதில்லை. அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டே அவளைப் பின்னக் கணக்குக்குக் கொண்டுவந்துவிட்டேன். நீ இதை விளையாட்டுப் பள்ளி என்பாய். சொல்லிக்கொள்.

இதையெல்லாம் போனில் பேரனுக்குச் சொன்னேன். "அப்பம்மா, இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டான். பிறகு போனைத் தாயிடம் கொடுத்துவிட்டான். போன வருடம் நண்டு வளையைப் பற்றி என்னை விடாமல் பேசிய பிள்ளை அவன்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீ வெட்டுப்புள்ளியைத் தாண்டியபோது தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தவள் நான். இன்றும் உன்னை இஞ்சினியர் என்று யாராவது சொன்னால் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் நீ ரியூசனிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு வாவிக்கு ஓடினாய். அவனுக்கு ஒரு வகுப்பு முடிந்தால் அடுத்த வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மாதிரி வினாத்தாள். உன் தாத்தா படித்த சிவானந்தா வித்தியாலயத்தை 1929இல் தொடங்கிய விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. யாழிசையைத் தேடி எத்தனை வருடம் உழைத்தார்! அது எந்த வினாத்தாளுக்காக?

வகுப்புள்ள காலையில் அவன் வாந்தி எடுப்பதாக மருமகள் வாய்தவறிச் சொன்னாள். அவளைக் கோபிக்காதே. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ சொல்லக்கூடும். விடுமுறையில் எடுக்கிறானா என்று மட்டும் பார். டாக்டரிடமும் காட்டு. இடியப்பத்தை மறக்காதே.

சித்திரை வருடப்பிறப்புக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன், நீ இன்னும் பதில் சொல்லவில்லை. பரீட்சை ஆகஸ்டில்தானே. பயிற்சிப் புத்தகத்தையும் கொடுத்துவிடு, காலையில் ஒரு மணி நேரம் நானே செய்விக்கிறேன். உனக்கு லீவு கிடைக்காவிட்டால் எனக்குச் சொல். உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்புக்கு வந்து நானே கூட்டிவருகிறேன்.

அன்புடன்,
அம்மா