மகனுக்குத் தைமூர் என்று பெயரிட்ட என் தம்பி மகனுக்கு

அன்பு மகனே,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தைமூர் என்ற பெயர் முடிவாகிவிட்டது, இனிமேல் யாரும் பேச வேண்டாம் என்று குடும்பக் குழுவில் நீ எழுதியதைப் பார்த்தேன். நீ பிள்ளையின் அத்தா, உரிமை உன்னுடையது. ஆனால் அதற்குக் கீழே, 14-ஆம் நூற்றாண்டில் சமர்கந்திலிருந்து ஆண்ட மன்னர் தைமூரைப் புகழ்ந்து, "உலகத்தையே நடுங்கவைத்த முஸ்லிம்" என்று தொடங்கி நீ போட்ட நான்கு வரிக்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. பொதுவிலேயே சொல்கிறேன். அந்த வரிகளுக்கு மாஷா அல்லாஹ் போட்ட பிள்ளைகள் நம் வீட்டில் மட்டும் இல்லை.

தைமூருக்கு முந்தைய மங்கோலியரிலிருந்தே தொடங்குகிறேன். ஆளுக்கு நான்கைந்து குதிரை, வளைவான வில், ஓடுவதுபோல் ஓடித் திரும்பி அடிக்கும் தந்திரம், பத்து நூறு ஆயிரம் என்று அடுக்கிய படை, இதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நீ பார்க்கும் காணொளிகளில் வரைபடத்தின் மேல் சிவப்பு பரவிக்கொண்டே போகும். ஓர் ஊரின் மேல் அது ஏறும் அந்த நொடியில் கீழே என்ன நடந்தது என்று ஒருவரும் நிறுத்திக் காட்டுவதில்லை. நான் அங்கே நிறுத்துகிறேன்.

முதலில் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களை வளைப்பார்கள். அங்கே பிடித்த ஆண்களை ஓட்டிவந்து மண்ணும் விறகும் கொட்டி அகழியைத் தூர்க்கவைப்பார்கள், கவண்பொறிகளை இழுக்கவைப்பார்கள். மதிலிலிருந்து வரும் முதல் அம்பு அவர்கள் மேல்தான் விழும். எய்பவனுக்கும் அது தெரியும். கீழே நிற்பது அவன் மச்சானாகவும் இருக்கலாம். ஊர் விழுந்ததும் எல்லோரையும் வெளியே சமவெளிக்கு வரச் சொல்வார்கள். கைத்தொழில் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், அடிமையாக்க வேண்டிய பெண்களும் சிறுவர்களும் ஒரு பக்கம், அடுத்த முற்றுகைக்கு ஓட்டிச்செல்லத் தகுந்த வாலிபர்கள் ஒரு பக்கம். மிச்சமிருப்பவர்களை வீரர்களுக்குத் தலைக்கு இத்தனை பேர் என்று பங்கு வைப்பார்கள். 1221-இல் செங்கிஸ்கானின் மகன் துலூய், இன்றைய துர்க்மெனிஸ்தானில் இருந்த மெர்வ் நகரைப் பிடித்தபோது, மக்கள் வெளியே வந்து முடிக்க நான்கு பகலும் நான்கு இரவும் ஆயின என்று பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனீ எழுதுகிறார். 400 கைவினைஞர்களையும் சில சிறுவர் சிறுமியரையும் தவிர மற்றவர்களைப் பங்கு வைத்தார்கள், ஒரு வீரனுக்கு 300 முதல் 400 பேர். பிணங்களை எண்ணப் பதின்மூன்று நாள் பிடித்ததாம், கணக்கு 13 லட்சத்துக்கு மேல் போனதாம்.

அந்தக் கணக்கை நான் நம்பவில்லை. அத்தனை பேருக்குச் சோறு போட அந்தக் காலத்து மெர்வ் சோலையால் முடிந்திருக்காது. ஆனால் ஜுவைனீ யார் என்று பார். செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகுவிடம் வேலை பார்த்தவர், 1259 முதல் பாக்தாதின் ஆளுநர். எசமானர்களின் பாட்டனைப் பற்றி இல்லாத பழியை ஏற்றிச் சொல்ல அவருக்கு எந்த அவசியமும் இல்லை. பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அது ஒரு ஊரின் முடிவுதான்.

அவர் எழுதியதில் இன்னொன்று உண்டு. தப்பிய சிலர் மெர்வின் பொந்துகளிலும் சுரங்கங்களிலும் ஒளிந்திருந்தார்கள். பின்னால் வந்த படை, நக்‌ஷப் ஊர்க்காரன் ஒருவனை நிறுத்திப் பாங்கு சொல்லவைத்தது. பாங்குச் சத்தம் கேட்டு வெளியே வந்தவர்களை அப்படியே பிடித்தார்கள், கொன்றார்கள்.

கொலை முடிந்த பிறகும் சாவு நிற்கவில்லை. மெர்வ் மாநகரம் முர்காப் ஆற்றின் அணையை நம்பி இருந்தது, அது இருந்த குராசான் நாட்டின் மற்ற ஊர்கள் நிலத்தடிக் கால்வாய்களை நம்பி இருந்தன. அந்தக் கால்வாய்களைத் தொடர்ந்து தூர் வார வேண்டும். அது எல்லோருக்கும் வரும் வேலை இல்லை, தகப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொள்வது. ஊருக்குப் பத்துப் பேர் அந்த வேலை தெரிந்தவர்கள் செத்துப்போனால், சில ஆண்டுகளில் வண்டல் அடைத்து வயல் காய்ந்துவிடும். சிவப்பு பரவி முடிந்த பிறகு அந்த வரைபடத்தில் பாலைவனமும் பரவியது.

செங்கிஸ்கான் நம்மவர் இல்லை, அவரை நான் மெச்சவில்லை, தைமூர் கலிமா சொன்னவர் என்பாய். மொட்டைமாடியில் நீ கேட்ட அந்த ஒரு கேள்விதான் இந்தக் கடிதத்தையே எழுதவைக்கிறது: "அவரும் அஞ்சு வேளை தொழுதவர்தானே, பெரியத்தா?"

இதே கேள்வியை 700 ஆண்டுகளுக்கு முன் டமாஸ்கஸ்காரர்கள் கேட்டார்கள். ஈரானை ஆண்ட மங்கோலிய மன்னர் கஸான் 1295-இல் இஸ்லாத்தைத் தழுவினார், மஹ்மூது என்று பெயர் வைத்துக்கொண்டார். 1299-இன் இறுதியில் சிரியாவுக்குப் படையோடு வந்தார். யாருக்கும் தீங்கு நேராது என்ற அவருடைய ஆணையை டமாஸ்கஸின் உமையாப் பள்ளிவாசலில் வாசித்தார்கள். வாசித்த பிறகும் நகருக்கு வெளியே சாலிஹிய்யா கொள்ளை போனது, ஆட்கள் சிறை போனார்கள். கலிமா சொன்னவர்களை எதிர்த்து எப்படி வாள் எடுப்பது என்று மக்கள் குழம்பினார்கள். என் தலையில் குர்ஆனைச் சுமந்துகொண்டு நான் அவர்கள் பக்கம் நிற்பதைக் கண்டால் என்னையும் வெட்டுங்கள் என்று டமாஸ்கஸ் ஆலிம் இப்னு தைமிய்யா சொன்னார். அவருடைய தீர்ப்பைப் பிற்காலத்தில் சிலர் வேறு கொலைகளுக்குச் சாக்காக எடுத்துக்கொண்டார்கள், அதனால் இதை இங்கே நீட்ட மாட்டேன். அதே மனிதர் மங்கோலியத் தளபதிகளிடம் கைதிகளை மீட்கப் போனபோது, யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் சேர்த்து விட்டால்தான் ஆயிற்று என்று நின்றார். அதை உன் குழுவில் ஒருவரும் பகிர்வதில்லை.

இஸ்லாத்துக்கு வந்தவரின் பழைய பாவம் அழியும் என்ற ஹதீஸை நீ காட்டினாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கஸானின் பழைய கணக்கு அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே. சாலிஹிய்யா அதற்குப் பிறகு நடந்தது. தைமூருக்கோ அந்த வாதமே பொருந்தாது. அவர் முஸ்லிமாகப் பிறந்தவர், முன் பின் என்று பிரிக்க ஒன்றுமில்லை.

இஸ்லாத்தைத் தழுவிய இன்னொரு மங்கோலிய மன்னர் பெர்க்கேயை மட்டும் வேண்டுமானால் பேசலாம். பாக்தாதின் கலீஃபாவைக் கொன்றதற்காகத் தன் சொந்தச் சித்தப்பன் மகன் ஹுலாகு மேலேயே படை எடுத்தவர். 1263 குளிரில் தெரெக் ஆற்றின் பனிக்கட்டி உடைந்து ஹுலாகுவின் படையில் பலர் மூழ்கிப்போனார்கள். ஆனால் அஸர்பைஜான் மேய்ச்சல் நிலம் யாருக்கு என்ற தகராறும் அதே சண்டையில் இருந்தது. அவர் ஆட்சியில்தான் போலந்தின் சாந்தோமியெஷ் நகரத்தைச் சூறையாடினார்கள். நன்றி சொல்லலாம். பிள்ளைக்கு முன்மாதிரியாகக் காட்ட முடியாது.

இப்போது ஏழாம் நாளுக்கு வருகிறேன். பிள்ளையின் முடியை இறக்கி, அதைத் தராசில் நிறுத்து, அந்த எடைக்கு வெள்ளியின் விலையை ஸதகா கொடுத்தோம். அந்தப் பஞ்சுத்தலையை நான்தான் கையில் தாங்கியிருந்தேன். ஹஜ்ரத் பெயர் கேட்டார், நீ சொன்னாய். எனக்கு அந்த நேரத்தில் ஈரானின் இஸ்ஃபஹான் நகரம்தான் நினைவில் வந்தது.

1387. ஊர் சண்டையில்லாமல் பணிந்துவிட்டது. வரி வசூலிக்க ஆட்கள் உள்ளே போனார்கள். ஒரு நாள் இரவு ஊரார் எழும்பி வசூல்காரர்களையும் வீரர்களையும் கொன்றார்கள். தைமூர் 70,000 தலை கேட்டார். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் இத்தனை என்று கணக்கு, வாங்கிப் பதிய எழுத்தர்கள். அவருடைய குடும்பத்தின் புகழைப் பாட எழுதிய யஸ்தீயே சொல்கிறார்: முஸ்லிமைக் கொல்ல மனம் வராத வீரர்கள், வெட்டியவர்களிடமிருந்து தலைகளை விலைக்கு வாங்கிக் கணக்கைக் கட்டினார்கள். தொடக்கத்தில் ஒரு தலை 20 தீனார். வரத்து கூடக்கூட விலை விழுந்து கடைசியில் அரை தீனார், அதற்கும் வாங்க ஆளில்லை. மதிலைப் பாதிச் சுற்று சுற்றி வந்த வரலாற்றாசிரியர் ஹாஃபிஸெ அப்ரூ, தலைகளால் கட்டிய 28 கோபுரங்களை எண்ணினார். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1,500.

தலைக்கு விலை வைத்தவரின் பெயரை, என் கையில் இருந்த தலைக்கு வைத்தாய்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள். ஆனால் எப்படிச் சொல்வது? பச்சை உடம்புக்காரி திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கிறாள், உன் மாமனார் வீட்டார் வந்திருக்கிறார்கள், பிரியாணி இறக்கியாகிவிட்டது. நான் வாயைத் திறந்திருந்தால் உன் அத்தா என்னோடு ஆறு மாதம் பேசியிருக்க மாட்டான். நீயும் என்னிடம் முன்கூட்டிக் கேட்கவில்லையே. உன் அத்தாவுக்கும் உனக்கும் பெயர் பார்த்துச் சொன்ன வீட்டில், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதை விடு. சிரியாவின் ஹலபுக்கு, அலெப்போவுக்கு, வா. 1400-இல் நகரம் விழுந்த பிறகு, தைமூர் ஆலிம்களைக் கூட்டிவைத்துக் கேட்டார்: நேற்று எங்களிலும் செத்தார்கள், உங்களிலும் செத்தார்கள், மார்க்கத்துக்காக உயிர்விட்ட ஷஹீத் யார்? ஹலப்காரர்கள் என்றால் கொல்வார், தைமூரின் ஆட்கள் என்றால் செத்த ஊராருக்குத் துரோகம். காழி இப்னு ஷிஹ்னா ஒரு ஹதீஸைச் சொன்னார். கொள்ளைக்காகவும் பேருக்காகவும் வீரத்தைக் காட்டவும் சண்டையிடுகிறார்களே, இவர்களில் அல்லாஹ்வின் பாதையில் இருப்பவர் யார் என்று நபி (ஸல்) அவர்களிடமே ஒருவர் கேட்டார். அல்லாஹ்வின் வார்த்தை உயர்வதற்காகப் போரிடுபவரே என்று பதில் வந்தது. தைமூர் நன்று நன்று என்றார். ஊரில் தலைக் கோபுரம் கட்டும் வேலை நிற்கவில்லை. மார்க்கம் தெரியாமல் அவர் செய்யவில்லை மகனே. கேட்டு, விளங்கி, பாராட்டிவிட்டுச் செய்தார். தொழுதாரா என்று நீ கேட்டதற்கு என் பதில் இதுதான்.

டெல்லியைப் பற்றி எழுதவே தயக்கம். இதை வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்ட ஆட்கள் காத்திருக்கிறார்கள். எழுதுகிறேன். 1398 டிசம்பரில் போருக்கு முன்பாக, கூட்டிவந்த கைதிகள் ஒரு லட்சம் பேரைக் கொல்லச் சொன்னார் என்று அவர் தரப்பு நூல்களே பெருமையாக எழுதுகின்றன. பெரும்பாலும் இந்துக்கள். இஸ்ஃபஹானுக்காகக் கலங்குகிற நான் இதற்குக் கலங்காவிட்டால் என் கலக்கம் பொய். சிரியாவுக்குப் படை அனுப்பும்போது பெண்ணையும் குழந்தையையும் கிழவரையும் தொடாதே, காய்க்கும் மரத்தை வெட்டாதே என்று அபூபக்ர் (ரலி) தளபதி யஸீதிடம் சொல்லி அனுப்பினார்கள். நமக்கு அளவுகோல் அது. அன்று டெல்லியில் ஆண்டதும் முஸ்லிம் சுல்தான்தான், சூறையானதில் முஸ்லிம் வீடுகளும் உண்டு. அந்தப் படையெடுப்புக்கு நம்மைப் பதில் சொல்லச் சொல்பவர்களுக்கு நான் எந்தப் பதிலும் கடன்பட்டிருக்கவில்லை. கடன்படாத கணக்கை நீயாக ஏன் கையெழுத்திட்டு வாங்கினாய்?

ஏன் என்று எனக்குத் தெரியும். அவரைப் படித்து நீ வைத்த பெயரில்லை இது. அவர்களுக்கு எரிச்சலாக இருக்கும் என்று வைத்தாய். வேலைக்குப் போன ஊரில் வீடு தேடியபோது உனக்கு நடந்ததை இங்கே எழுத மாட்டேன், அது உன்னுடையது. அன்று இரவு தொலைபேசியில் நீ பேசாமல் இருந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. அதை ஏழு நாள் பிள்ளையின் தோளில் ஏற்றியதுதான் நியாயமில்லை.

நாம் ராவுத்தர், குதிரைக்காரப் பரம்பரை என்கிறாய். இருக்கட்டும். தைமூர் டெல்லியில் தங்கியதே இரண்டு வாரம் போல, பிறகு கொள்ளையோடு திரும்பிப் போய்விட்டார். நம் முன்னோரில் யாராவது அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தால், மங்கோலியருக்குத் தப்பி வந்த அகதியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 13-ஆம் நூற்றாண்டு டெல்லி அப்படிப்பட்ட ஆலிம்களாலும் தொழிலாளிகளாலும் நிறைந்திருந்தது. துரத்தியவனின் பெயரை, துரத்தப்பட்டவர்களின் பேரனுக்கு வைப்பார்களா?

சமர்கந்தின் அழகைச் சொல்வாய். பீபீ கானம் பள்ளிவாசலைச் சிறைபிடித்த கொத்தர்களை வைத்து 1399-இல் தொடங்கினார்கள், கல் சுமக்க இந்தியாவிலிருந்து கொண்டுபோன 95 யானைகள். அவசரம் அவசரமென்று ஐந்து ஆண்டில் எழுப்பினார்கள். தாங்க முடியாத அளவுக்குப் பெரிய குவிமாடம், ஆற விடாத சுவர். கட்டி முடித்த சில காலத்திலேயே தொழுகிறவர்கள் மேல் செங்கல் உதிர்ந்தது.

அந்த வீட்டுப் பெயர்தான் வேண்டுமென்றால் பேரன் உலுக் பேக் இருக்கிறார். படையில் பெரிதாகச் சாதிக்கவில்லை. சமர்கந்தில் வானாய்வுக்கூடம் கட்டி, 1018 விண்மீன்களின் இடத்தைக் கணித்து 1437-இல் அட்டவணை முடித்தார். இயற்பெயர் முஹம்மது தராகாய். அதுகூட வேண்டாம். குராசானுக்கு வடக்கே உர்கஞ்சில் ஷைகு நஜ்முத்தீன் குப்ரா இருந்தார். தப்பிப் போக வழிவிடுகிறோம் என்று மங்கோலியர் சொல்லியும் ஊராரை விட்டுப் போகாமல் 1221-இல் அங்கேயே ஷஹீதானார் என்பது வழிவழி வந்த செய்தி. பிள்ளைக்குப் போர் என்று பொருள்படும் பெயரை அலீ (ரலி) வைத்திருந்தபோது, நபி (ஸல்) அதை மாற்றி ஹஸன் என்று வைத்ததை நீயும் ஓதியிருக்கிறாய். மாற்றுவது கேவலமில்லை.

பிறப்புப் பதிவில் பெயர் இன்னும் சேர்க்கவில்லை என்று உன் அம்மா சொன்னாள். பிறந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. ஒருமுறை சேர்த்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. அதனால் சான்றிதழுக்கு அவசரப்படாதே.

மாற்ற மாட்டேன் என்றால், அவன் என் பேரன், அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுத் தூக்கிக்கொள்வேன். ஆனால் விவரம் தெரிகிற வயதில் அவன் வந்து, என் பெயர்க்காரர் யார் என்று என்னிடம் கேட்டால் இங்கே எழுதியதையெல்லாம் சொல்வேன். அன்றைக்கு வந்து என்னோடு சண்டை பிடிக்காதே.

துஆவுடன்,
உன் பெரியத்தா