ஹார்ட்டிஸ்க் வாங்கப் போகிறவனுக்கு

தக்கலை

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே விடாத மழை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு நின்று கிடப்பதால் அண்ணன் வீட்டிலேயே இருந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருக்கிறான். வேறு விசேஷம் இல்லை.

சரி, லேப்டாப்புக்கு வருகிறேன். ஹார்ட்டிஸ்க்கை மாற்ற எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறாயே மக்கா, அப்படியென்றால் எதை வாங்குவது என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் போட்டோக்களையும் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனையும் வெளியே எடு. அதன்பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார். ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ என்ற வரியில் எண் கூடிக்கொண்டே போனால், தான் எழுதி வைத்ததையே வாசிக்க முடியாமல் டிஸ்க் திணறுகிறது. இந்த நிலையில் டிஸ்க்கை முழுதாக அப்படியே நகலெடுக்கும் குளோன் வேண்டாம், புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் புதிதாக இன்ஸ்டால் செய்வதுதான் சுத்தம்.

கடைக்காரர் நொடிக்கு 7000 எம்பி வேகம் என்று என்விஎம்இ என்ற புதுவகை டிஸ்க்கைக் காட்டினாராம். நல்ல சரக்குதான், ஆனால் உன் 2013 மாடலில் அதைச் செருக இடமே இருக்காது. உனக்கு வேண்டியது 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி. எஸ்எஸ்டி என்றால் சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க், சாட்டா என்பது அதை லேப்டாப்போடு இணைக்கும் பழைய முறை. அதில் எந்தக் கம்பெனியை எடுத்தாலும் 550 எம்பிக்குப் பக்கத்தில் நின்றுவிடும், ஏனென்றால் சாட்டாவின் எல்லையே அவ்வளவுதான். அதனால் வேகத்துக்கென்று கூடுதல் காசு கொடுக்காதே. பழைய டிஸ்க்கில் ஒவ்வொரு துண்டுக் கோப்பையும் தேடி, வாசிக்கும் முள் சுழலும் தட்டின் மேல் அங்குமிங்கும் ஓட வேண்டும். நேரமெல்லாம் அங்கேதான் போகிறது. எஸ்எஸ்டியில் அந்த ஓட்டமே கிடையாது.

500 ஜிபி போதும். டிஎல்சி (சிப்பின் ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது) வகையா என்று கேள். க்யூஎல்சி (நான்கு பிட் வைப்பது) விலை குறைவு, ஆனால் பெரிய கோப்புகளை ஒரே மூச்சில் ஏற்றினால் பாதியில் வேகம் படுத்துவிடும். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்று உன் மச்சான் பயமுறுத்துவதைக் கேட்காதே. இந்த அளவில் 300 டிபி (மூன்று லட்சம் ஜிபி) வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தரும் டிஸ்க்குகள் இருக்கின்றன. தினம் 20 ஜிபி எழுதினாலும் அதற்கு நாற்பது வருஷம் ஆகும், லேப்டாப்பின் கீல் அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே போய்விடும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. எஸ்எஸ்டி போகும்போது பெரும்பாலும் சத்தம் காட்டாமல் போகும், உள்ளே இருப்பதை மீட்பதும் கஷ்டம். டிஸ்க்கில் மிச்சம் பிடிக்கிற காசில் ஒரு வெளி ஹார்ட்டிஸ்க் வாங்கிக்கொள். பழையதை டிவிடி இடத்தில் மாட்டித் தருகிறேன் என்று கடையில் சொல்வார்கள். சத்தம் போடுகிற டிஸ்க்கை நம்பி மறுபடியும் படங்களை வைப்பாயா?

நீயே மாற்றலாம், பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாட்டரியைக் கழற்றிவிட்டு ஆரம்பி. ஆனால் குளச்சல் உப்புக்காற்றில் இத்தனை வருஷம் கிடந்த லேப்டாப் அது, அடிமூடித் திருகுகள் துருப்பிடித்திருக்கும். தலை சரியாகப் பொருந்துகிற சிறிய ஸ்க்ரூடிரைவரை நேராக அழுத்திப் பிடித்துத் திருப்பு, வழுக்கினால் தலை மொட்டையாகிவிடும். டிஸ்க்கைச் சுற்றியிருக்கும் தகரச் சட்டத்தில் பக்கத்துக்கு இரண்டு திருகு இருக்கும், அதையும் புதியதில் மாட்ட வேண்டும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால், எஸ்எஸ்டி 7 என்பதால் உள்ளே ஆடும். சிலவற்றோடு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும், அதை ஒட்டினால் சரியாகிவிடும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது, 11 அந்தப் பிராசசரை அதிகாரப்பூர்வமாக ஏற்காது. மகளுக்கு டைப்பிங்கும் பிரௌசரும்தானே, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடு.

காசு கொடுப்பதற்கு முன்னால் பழைய டிஸ்க்கின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். ஊருக்கு எப்போது வருகிறாய் என்று முன்கூட்டியே எழுது, மட்டி வாழைக்குலை ஒன்று பழுக்க வைக்க வேண்டும்.

அன்புடன்,
ராஜன்