ஆஸ்பத்திரிக்கு எதிரே வீடு வாங்கியவனுக்கு

ஷெமேன் க்ரெனியே,
மொரீஷியஸ்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. மதுரையில் ஃபிளாட் வாங்கிவிட்டாய் என்பதில் எங்கள் இருவருக்கும் மிகுந்த சந்தோஷம். ஆனால் எத்தனை ரூம், தண்ணீர் எப்படி, காற்று வருமா என்றெல்லாம் ஒன்றும் எழுதாமல், எதிரே ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதையே இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். பால்கனியில் நின்றால் அவசரப் பிரிவு வாசல் தெரிகிறதாமே! தியேட்டருக்கு எதிரே ரூம் கிடைத்ததென்று நீ குதித்த காலம் ஒன்று உண்டு.

"கடலோரக் கிராமத்தில் உட்கார்ந்திருக்கிறாயே, ராத்திரி ஏதாவது என்றால் என்ன செய்வாய்?" என்று கேட்டிருந்தாய். கூடவே உன் மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பியூ ஆய்வு மையத்தின் 2018ஆம் வருஷக் கணக்கு வேறு. அங்கே கிராமத்தில் இருப்பவர்களுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி சராசரியாக 10.5 மைல், காரில் 17 நிமிஷம். நகரத்தில் இருப்பவர்களுக்கு 4.4 மைல், 10 நிமிஷம். சரி, அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி ரோஸ் பெல்லில் இருக்கிற ஜவாஹர்லால் நேரு ஆஸ்பத்திரி. இங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர், அதாவது பன்னிரண்டு மைல் சொச்சம். அதற்கும் முன்னாலேயே சூயாக்கில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி உண்டு. ஆக நான் அமெரிக்கக் கிராமத்தானுக்குக் கிட்டத்தட்டச் சமம். பயப்பட ஒன்றுமில்லை.

இந்தத் தீவு மொத்தமே நீளவாக்கில் 65 கிலோமீட்டர், குறுக்கே 45. உங்கள் மதுரை மாவட்டத்தில் பாதிதான். இதற்குள் ஐந்து பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகள்: போர்ட் லூயிஸ், பாம்ப்ளமூஸ், ஃபிளாக், ரோஸ் பெல், காந்தோஸ். எல்லாவற்றிலும் வைத்தியம் இலவசம். தூரம் என்று நாங்கள் புலம்பினால் ரொட்ரிக்ஸ் தீவுக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கும் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அங்கே முடியாத வைத்தியம் என்றால் 550 கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டி விமானத்தில் இங்கே வர வேண்டும். அகலேகா தீவு இன்னும் மோசம். வடக்கே ஆயிரம் கிலோமீட்டர். அங்கே இந்தியா கட்டிக்கொடுத்த புது ஓடுதளத்தை 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். அதைப் பற்றி இங்கே அரசியல் ஆயிரம் பேசுகிறார்கள். அங்கே வயிற்று வலியோடு சுருண்டு கிடப்பவனுக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

ஆனால் சுந்தரம், கிலோமீட்டரை வைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். என்னைவிடச் சில வயது மூத்தவர், காவடிக்கு இப்போதும் முதல் ஆளாக நிற்பவர். போன கரும்பு வெட்டு சமயத்தில் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறியது. வீட்டில் எல்லோருமே சர்க்கரைக்காரர்கள், அதனால் "சர்க்கரை இறங்கிவிட்டது" என்று முடிவுகட்டி, சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்கள். பாதி உதட்டோரம் வழிந்தது. படுக்கவைத்தார்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று ஒருத்தர், தைலம் தேய்க்கலாம் என்று இன்னொருத்தர். மகன் எபேனில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவன் வரட்டும், வந்து முடிவு செய்யட்டும் என்று காத்திருந்தார்கள். அவன் வந்து சேர்வதற்குள் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. அப்புறம் காரில் ஏற்றினார்கள். கரும்பு லாரிகள் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தும்கூட அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆயிற்றாம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. அறிகுறி ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கும் முதலில் ஸ்கேன் எடுத்து உள்ளே ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மத்தியானத்திலிருந்து கணக்குப் போட்டால் அந்த நேரம் கடந்திருந்தது. இப்போது வலது கையில் டம்ளரைப் பிடித்தால் நடுங்குகிறது. கோயிலில் இடது கையால் விபூதி வாங்கக் கூசிக்கொண்டு, பேரனை வாங்கச் சொல்கிறார்.

ரோடு தின்றது அரை மணி, வீடு தின்றது மத்தியானம் முழுவதும். இந்த வீடு ரோஸ் பெல் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருந்திருந்தாலும் அவர்கள் மகன் வரும்வரை காத்திருந்திருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இத்தனைக்கும் 114 என்று ஒரு நம்பர் இருக்கிறது. உங்கள் 108 மாதிரி, நாங்கள் சாமு என்போம். வண்டியில் டாக்டரே வருவார். பெரியவர் வீட்டில் யாருக்கும் அந்த நம்பர் தெரியாமல் இல்லை. "இதற்குப் போய் சாமுவைக் கூப்பிடுவதா, ஊரே வாசலில் கூடிவிடுமே" என்ற கூச்சம்தான். நம்மவர்களுக்கு வியாதியைவிட வாசலில் வண்டி நிற்பது பெரிய விஷயம். அதன் பிறகு நானும் என் மனைவி மல்லிகாவும் பேசிவைத்துக்கொண்டோம்: முகம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, பையனுக்கு போன் பண்ணுவது இரண்டாவது வேலை. எங்கள் தெருவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அதனால் "சீனாக்காரர் கடை தாண்டி, கோயில் போகிற திருப்பம், நீல கேட்" என்று பிரெஞ்சில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். கேட்டுக்குப் புதுசாக நீலப் பெயிண்ட்டும் அடித்தாயிற்று. பெயிண்ட் செலவு என் தலையில்.

நீ வாங்கியிருக்கிற ஃபிளாட் எத்தனையாவது மாடி? லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நீட்டமாகப் போகுமா? ராத்திரி கரண்ட் போனால் லிஃப்டு ஓடுமா, வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட விழித்திருப்பாரா? இதையெல்லாம் பார்த்தாயா என்று எழுது. சித்திரைத் திருவிழா சமயத்தில் அழகர் இறங்குகிற அன்றைக்கு உன் வீட்டுப் பக்கம் எந்த ரோடு திறந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

எங்களுக்கும் அப்படி வழி அடைபடும் நாள் உண்டு. உங்களுக்கு அழகர், எங்களுக்குப் புயல். மூன்றாம் எண் எச்சரிக்கை விட்டார்கள் என்றால் பஸ் நின்றுவிடும், நான்காம் எண் என்றால் யாரும் வாசல் தாண்டக் கூடாது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்ததை நீ டிவியில் பார்த்திருப்பாய். ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளி இருந்தவர்களுக்கும் அன்றைக்கு அது எட்டாத இடம்தான். அதனால் டிசம்பர் பிறந்தாலே மல்லிகா மாத்திரை டப்பாக்களைத் திறந்து எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. நீ அவசரத்தை மட்டுமே நினைத்து வீடு வாங்கியிருக்கிறாய். நம் வயதில் அவசரம் எப்போதோ ஒரு நாள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தினமும். இந்தத் தீவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. அதற்கு நாங்கள் ரோஸ் பெல் போவதில்லை. ஊருக்குள்ளேயே இருக்கிற சின்ன சுகாதார நிலையத்துக்கு நடந்தே போகிறோம். காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு, வாசலில் பருப்பு வைத்த தோல்பூரி ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு (அதைச் சாப்பிடக் கூடாது என்றுதான் உள்ளே இருக்கும் நர்ஸ் சொல்வாள்) மாத்திரைக்கு உட்கார்ந்தால் ஊர்ச் சேதி மொத்தமும் வந்துவிடும். யார் வராமல் இருக்கிறார்கள் என்பதும் அங்கேதான் தெரியும். போன தடவை ஒரு பாட்டியைக் காணோம் என்று நர்ஸே கேட்டு, அவள் விழுந்து படுத்திருப்பது தெரிந்து, ஆள் அனுப்பினார்கள். உங்கள் பக்கத்தில் 2021லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே, எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நீ எதிர் ஆஸ்பத்திரியின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு அதைப் பதியாமல் இருந்துவிடாதே.

அவசரம் இல்லாத வைத்தியத்துக்குத் தூரம் பெரிய பொருட்டே இல்லை என்பதும் என் அனுபவம். சில வருஷங்களுக்கு முன் எனக்குக் கண்புரை ஆபரேஷன் மோக்காவில் நடந்தது. பஸ் மாறி மாறித்தான் போனேன். 2005லிருந்து முதியவர்களுக்கு பஸ் இலவசம், காசு கேட்க ஆள் இல்லை. அந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு சுப்பிரமணிய பாரதியின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியுமா? ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த கிரியோல் அம்மாள், "யார் இந்த பாரதி, பெரிய கண் டாக்டரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தமிழ் வாத்தியார் சொன்னால் அதற்கு மறுபேச்சு ஏது!

ஒன்று மட்டும் உன் பக்கம் பேசுகிறேன். பக்கத்தில் இருப்பது பெரிய விஷயமில்லை என்று சொல்கிற உரிமை பஸ்ஸும் காரும் வந்த பிறகு பிறந்தவனுக்குத்தான். ஆனால் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் எங்கள் பாட்டி ஒரு கதை சொல்வாள்: அவள் காலத்தில் ஆஸ்பத்திரி கரும்புத் தோட்டத்துக்குள்ளேயே, கூப்பிடு தூரத்தில் இருந்ததாம். சட்டப்படி தோட்டத்துரைமார் வைத்தாக வேண்டியது அது. ஆனாலும் ஜனங்கள் போகப் பயந்தார்கள். வேலைக்கு வராத ஒரு நாளுக்கு இரண்டு நாள் கூலியைப் பிடிக்கிற வழக்கம் ஒப்பந்தக் கூலிகளின் காலத்தில் இருந்தது. அது போன பிறகும் அந்தப் பயம் குடும்பத்தில் தங்கிவிட்டது. காய்ச்சலோடு வெட்டுக்குப் போனவர்களின் கதை எங்கள் வீட்டில் நிறைய உண்டு. 1867இல் மலேரியா வந்து போர்ட் லூயிஸைச் சூறையாடியபோது, வசதி இருந்தவர்கள் குளிர்ச்சியான கியூர்ப்பிப் மேட்டுக்கு ஏறிப் போய்விட்டார்கள். நம்மவர்களுக்கு ஓட இடம் ஏது? தோட்டத்திலேயே கிடந்தார்கள்.

மல்லிகாவுக்குக் காத்ர் போர்ன் பக்கம், காந்தோஸ் ஆஸ்பத்திரிக்குக் கிட்டே போய்விட வேண்டும் என்ற ஆசை ஓரமாக இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததும் அது கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, நீதான் பதில் சொல்ல வேண்டும். நான் இங்கேயே இருப்பதாகத்தான் நினைத்திருக்கிறேன். இடது பக்கத்து வீட்டுப் பையனிடம் வேன் இருக்கிறது, ராத்திரி எழுப்பினால் முகம் சுளிக்காதவன். அவன் அம்மாவும் என் மனைவியும் சாவி மாற்றிவைத்திருக்கிறார்கள். அங்கே போனால் இந்த மாதிரி ஒரு வீடு கிடைக்கும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் பெட்டி கட்டுகிறேன்.

தைப்பூசம் முடிந்து பங்குனி வாக்கில் மதுரைக்கு வரலாம் என்று இருக்கிறோம். தங்கச்சியின் முழங்கால் வலி இப்போது எப்படி என்று எழுதவில்லையே. எதிரே ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு காட்டாமல் இருக்கிறாளா? இங்கிருந்து வெனிலா வேண்டுமா, டீத்தூள் வேண்டுமா என்று கேட்டு எழுது. இரண்டும் என்றாலும் சரி.

அன்புடன்,
சரவணன்